தொட்டியில் பருவப் பூச்செடிகள்: ஐந்தாறு வாரத்தில் மஞ்சளாகிப் பூ நிற்பது ஏன்?

#1 பசுந்துளிர்

முற்றத்தில் பெரிய தொட்டிகளில் வைக்கும், உறைபனி தாங்காத பருவப் பூச்செடிகளுக்காக இந்த இழை. பெட்டூனியா, காலிப்ரகோவா, ஜெரேனியம், இம்பேஷன்ஸ், பெகோனியா, நித்தியகல்யாணி, செண்டுப்பூ, கோலியஸ் போன்றவை.

நட்ட முதல் மாதம் தொட்டி நிறையப் பூ. ஐந்தாறு வாரத்தில் நுனி இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மொட்டு குறையும். உரம் கூட்டினாலும் திரும்பாது. இந்தப் புகார்தான் அடிக்கடி வருகிறது. வழக்கமான ஓர் அமைப்பைக் கீழே தருகிறேன். எதில் தவறு, ஏன் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தொட்டி: மேல்வாய் 35 செ.மீ., அடி 25 செ.மீ., உயரம் 30 செ.மீ. (சுமார் 21 லிட்டர்)
செடிகள்: நடுவில் ஜெரேனியம் 1, சுற்றிலும் காலிப்ரகோவா 3, ஓரத்தில் தொங்க பகோபா 2
கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 50%, மண்புழு உரம் 30%, தோட்ட மண் 20%
அடியில்: 5 செ.மீ. ஜல்லி
உரம்: 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து தலா 19%), லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை
நீர்: ஆழ்துளைக் கிணற்று நீர்

#2 வேரடி

செடிச் சேர்க்கையிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஜெரேனியமும் காலிப்ரகோவாவும் இரும்பு எடுக்கும் விஷயத்தில் நேர் எதிர்.

காலிப்ரகோவா, பெட்டூனியா இரண்டின் வேரும் இரும்பைக் கரைத்து எடுப்பதில் மந்தம். கலவையின் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 5.4 முதல் 6.0 வரை இருந்தால்தான் அவற்றுக்கு இரும்பு சரியாகக் கிடைக்கும். 6.5-ஐத் தாண்டிவிட்டால் தொட்டியில் இரும்பு இருந்தும் பயனில்லை, கரையாத வடிவத்துக்குப் போய்விடும். ஜெரேனியமும் செண்டுப்பூவும் இதற்கு மாறானவை. பி.எச். 5.8-க்குக் கீழே இறங்கினால் இரும்பையும் மாங்கனீசையும் தேவைக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். அடி இலைகளில் துருநிறப் புள்ளிகள் வந்து ஓரம் கருகும். அவற்றுக்கு 6.0 முதல் 6.6 வரை வேண்டும். ஒரே தொட்டியில் இரண்டையும் வைத்தால் எந்த அளவில் நிறுத்தினாலும் ஒன்று கெடும். பிரித்து வையுங்கள்.

மஞ்சளைப் பார்த்ததும் உரம் தூக்கிப் போடுவதற்கு முன், எந்த இலையில் வந்திருக்கிறது என்று பாருங்கள். இரும்பு செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால் குறை நுனியில் தெரியும். தழைச்சத்தும் மக்னீசியமும் நகரும், அதனால் அவற்றின் குறை அடி இலையில் தெரியும். அடி இலை முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து. அடி இலையில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள் என்றால் மக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஒருமுறை ஊற்றினால் போதும். பசுந்துளிர் சொன்னது நுனி இலை. அது இரும்பு, அதாவது பெரும்பாலும் பி.எச்.

பி.எச். அளக்கும் முறை: தொட்டிக்கு வழக்கம்போல் நீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அடியில் சுத்தமான தட்டு வைத்து, மேலே காய்ச்சி வடித்த நீரை மெதுவாக, பரவலாக ஊற்றுங்கள். தட்டில் 50 மி.லி. சேர்ந்ததும் நிறுத்தி, அதில் பி.எச்., ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) இரண்டையும் பாருங்கள். 50 மி.லி.க்கு மேல் வடிய விட்டால் கரைசல் நீர்த்துப்போய் ஈ.சி. குறைவாகக் காட்டும். மண்ணில் குத்துகிற மலிவான ஊசிக் கருவிகள் கோகோபீட் கலவையில் நம்பும்படி காட்டாது.

#3 கல்வாழை

வேரடி ஐயா சொன்னது சரி. ஆனா அந்த பி.எச். ஏன் ஏறுதுன்னும் சொல்லணும். நட்ட அன்னிக்கு 5.8 இருந்த கலவை ஆறு வாரத்துல 7 ஆகுதுன்னா, அதுக்குக் காரணம் தண்ணியில இருக்கிற பைகார்பனேட். தினமும் கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு போடுற மாதிரிதான் அது. தரையில வச்ச செடிக்கு மண்ணு தாங்கிக்கும், 21 லிட்டர் கலவைக்கு அந்தத் தாங்கு சக்தி கிடையாது. அஞ்சாவது வாரத்துல மஞ்சளாகிறதுக்கு இதுதான் கணக்கு.

தண்ணியோட பி.எச். மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. பார்க்க வேண்டியது காரத்தன்மை, அதாவது பைகார்பனேட் அளவு. மீன் தொட்டிக்காரங்க வச்சிருக்கிற 'கே.எச்.' சொட்டுச் சோதனை போதும். கே.எச். 1 டிகிரின்னா சுமார் 18 பிபிஎம் (லிட்டருக்கு 18 மி.கிராம்). 100 பிபிஎம் வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. 180, 200-ன்னு இருந்தா பெட்டூனியா, காலிப்ரகோவா தொட்டி கண்டிப்பா மஞ்சளாகும்.

குறைக்கிற வழி சிட்ரிக் அமிலம். 100 பிபிஎம் காரத்தன்மையைக் குறைக்க லிட்டருக்கு ஏறக்குறைய 0.15 கிராம், 10 லிட்டர் வாளிக்கு 1.5 கிராம். 180 இருக்கிற தண்ணி 80-க்கு வந்துடும். எல்லாத்தையும் பூஜ்யமாக்க வேண்டாம், கொஞ்சம் மிச்சம் இருந்தாத்தான் பி.எச். ஒரே அடியா விழாது. கலந்து வச்ச தண்ணியை நாள் கணக்கா வைக்காதீங்க, நுண்ணுயிர் அந்த அமிலத்தைத் தின்னுடும். கலந்த அன்னிக்கே ஊத்திடுங்க.

மழைத்தண்ணி சேமிச்சு வச்சா அதைவிட நல்லது எதுவுமில்லை. ஆர்.ஓ. கருவி கழிச்சுத் தள்ளுற தண்ணியை மட்டும் இந்தத் தொட்டிக்கு ஊத்தாதீங்க, உப்பும் பைகார்பனேட்டும் அதுல செறிவாகி இருக்கும். உப்புப் போட்டு மென்னீராக்கின தண்ணியும் வேண்டாம், சோடியம் ஏறும்.

#4 பசுந்துளிர்

தெளிவாக இருக்கிறது, நன்றி. இரண்டு கேள்விகள். ஏற்கெனவே மஞ்சளாகிவிட்ட காலிப்ரகோவாவை உடனே மீட்க என்ன வழி? பி.எச். இறங்கும்வரை காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும். அடுத்தது, அடியில் ஜல்லி போடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. அது இருக்கலாமா?

#5 வேரடி

முதல் கேள்விக்கு: சீலேட் இரும்பு, அதாவது கரையாத வடிவத்துக்குப் போகாமல் ஒரு கரிமச் சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பு. ஆனால் எந்த சீலேட் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஈடிடிஏ வகை பி.எச். 6.5-க்கு மேல் நிலைக்காது. டிடிபிஏ வகை 7-ஐ ஒட்டி வரை தாங்கும். ஈடிடிஎச்ஏ வகை அதற்கு மேலும் தாங்கும். பி.எச். ஏறிவிட்ட தொட்டியில் மலிவான ஈடிடிஏ-வை ஊற்றிவிட்டு 'இரும்பு கொடுத்தும் பலனில்லை' என்று சொல்பவர்களே அதிகம்.

6% இரும்புள்ள ஈடிடிஎச்ஏ: லிட்டருக்கு 0.4 கிராம். கரைசல் கருஞ்சிவப்பாக இருக்கும். காலையில், ஈரமாக உள்ள கலவையில், வேர்ப்பகுதி முழுவதும் நனையும்படி ஊற்றுங்கள். இலையில் பட்டால் உடனே நல்ல நீரில் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் கருப்புக் கறையும் கருகலும் வரும். தரைக் கல்லிலும் கறை படியும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் நுனி பச்சையாகும். பழைய வெளுத்த இலை எல்லாம் முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், புதுத் தளிரைப் பாருங்கள். இதை ஜெரேனியம், செண்டுப்பூ தொட்டிகளில் ஊற்றவே கூடாது. அவற்றுக்கு அது நஞ்சு.

ஊற்றிய இரும்பு முதலுதவி மட்டுமே. கல்வாழை சொன்ன நீர்த் திருத்தம் இல்லாவிட்டால் சில வாரத்தில் மீண்டும் வெளுக்கும்.

#6 தொட்டிச்சட்டி

ஜல்லியை எடுத்துவிடுங்கள். 'வடிகாலுக்கு அடியில் கல்' என்பது தொட்டித் தோட்டத்தில் பரவலாக இருக்கும் தவறு.

எந்தக் கலவையிலும், வடிந்து முடிந்த பிறகு, அடியில் ஒரு பட்டைக்கு நீர் தேங்கி நிற்கும். புவியீர்ப்பு கீழே இழுக்கும் விசையும் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கும் விசையும் சமமாகும் உயரம் அது. அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. தொட்டியின் உயரமோ துளையின் எண்ணிக்கையோ அல்ல. ஜல்லி போட்டால் நுண்துளையுள்ள கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்கு நீர் எளிதில் இறங்காது. தேங்கும் பட்டை அப்படியே கல்லுக்கு மேல் ஏறி உட்காரும். 30 செ.மீ. தொட்டி 25 செ.மீ. தொட்டியாகிவிடும், ஈரப் பட்டை மட்டும் குறையாது.

நனைந்த சதுர ஸ்பாஞ்சைப் படுக்கை வாட்டில் பிடித்து, சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். மீண்டும் நீர் வடியும். அதே ஸ்பாஞ்சு, உயரம்தான் கூடியது. ஆழமில்லாத அகலத் தட்டுத் தொட்டிகளில் வேர் அழுகல் அதிகம் வருவது இதனால்தான். பூச்செடிக்குக் குறைந்தது 20 செ.மீ. உயரம் வையுங்கள்.

துளையில் மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும். தொட்டியைத் தரையில் ஒட்ட வைக்காமல் மூன்று சிறு கட்டைகள் மேல் 1–2 செ.மீ. தூக்கி வையுங்கள். தரையோடு ஒட்டினால் துளை அடைபடும்.

அடுத்து கலவை. தோட்ட மண் 20% என்பதையும் எடுத்துவிடுங்கள். களித் துகள்கள் கோகோபீட்டின் இடைவெளிகளை நிரப்பிவிடும், இரண்டு மாதத்தில் கலவை 3–4 செ.மீ. இறங்கி இறுகும். கனஅளவில்:

கோகோபீட் (நன்கு கழுவியது) 50%
பெர்லைட் (லேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்), 3–5 மி.மீ. 25%
நார்ச்சிம்பு அல்லது மட்கிய மரப்பட்டைத் துண்டு, 5–10 மி.மீ. 10%
சலித்த மண்புழு உரம் 15%

மண்புழு உரத்தை 20%-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஈரத்தைப் பிடிப்பது மட்டுமல்ல, பல மண்புழு உரங்களின் பி.எச். 7-ஐ ஒட்டியே இருக்கும்.

பெர்லைட்டைக் கொட்டும் முன் பையிலேயே தண்ணீர் தெளியுங்கள், தூசி மூச்சில் போகக் கூடாது.

#7 விதைப்பெட்டி

தொட்டிச்சட்டியின் கலவையோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 'நன்கு கழுவியது' என்ற இரண்டு சொல்லில் கோகோபீட்டை விட்டுவிட முடியாது. அதில் பொட்டாசியமும் சோடியமும் துகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் நீரில் கழுவினால் கரைந்த உப்புதான் போகும், ஒட்டியது போகாது. நட்ட பிறகு நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கோகோபீட் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளிவிடும். இளந்தளிர் நுனி கருகுவதும் சுருங்குவதும் இதனாலும் வரும்.

5 கிலோ கட்டியை ஊறவைத்துப் பிரித்து, இரண்டு மூன்று முறை கழுவி வடித்த பிறகு, 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20–25 லிட்டர் நீரில் கரைத்து அதில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் வடித்து ஒருமுறை நல்ல நீரில் அலசுங்கள். கடைசியாக வடியும் நீரின் ஈ.சி. உங்கள் நீரின் ஈ.சி.யைவிட 0.5 mS/cm-க்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது. ஒரு கட்டி 65–70 லிட்டர் வரை விரியும், அதாவது மேலே சொன்ன விகிதத்தில் அந்த 21 லிட்டர் தொட்டிகள் ஆறுக்குப் போதும்.

#8 கல்வாழை

உரத்துக்கு வருவோம். 19:19:19 லிட்டருக்கு 1 கிராம்னா 190 பிபிஎம் தழைச்சத்து. அளவு தப்பில்லை, வாரம் ஒருமுறைதான் பத்தாது. வெயில்ல நிக்கிற நிறைஞ்ச தொட்டிக்குத் தினமும் தண்ணி ஊத்துறோம், அடியில வடியுது, மூணாவது நாளே சத்து போயிடும். அதனால கலவையிலேயே மெதுவாகக் கரையும் பூச்சு உரம் (மேலே பூச்சு போட்ட உர உருண்டை) போடுறது முதல் வேலை. லிட்டர் கலவைக்கு 3.5 கிராம், 21 லிட்டர் தொட்டிக்கு 70 கிராம் கணக்கு. மேலே தூவாம கலவை முழுக்கக் கலந்துடுங்க. மேலே கிடந்தா உருண்டை காஞ்சு காஞ்சு சரியா கரையாது, தண்ணி ஊத்தும்போது மிதந்து வெளியேயும் போகும்.

பையில '5–6 மாதம்'னு போட்டிருக்கிறது 21 டிகிரி வெப்பத்துக்கு. அந்த உருண்டையோட பூச்சு வழியா சத்து வெளியேறுற வேகத்தை வெப்பம்தான் முடிவு பண்ணுது. கலவை 32 டிகிரியில இருந்தா 3–4 மாசத்துல காலி. அதனால மூணாவது மாசத்துல இருந்து கரையும் உரம் வாரம் ரெண்டு முறை சேர்த்துக்கோங்க.

கோகோபீட்டை முன்கூட்டியே கலந்து ஈரமா மூட்டை கட்டி வைக்கிறவங்க பூச்சு உரத்தை அதுல போட்டு வைக்காதீங்க. மூட்டைக்குள்ளேயே சத்து வெளியேறி உப்பு குவிஞ்சு, நட்டவுடனே வேர் வெந்துடும்.

#9 வேரடி

கல்வாழை அக்கா சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எல்லாத் தொட்டிக்கும் 3.5 கிராம் என்று ஒரே அளவு வைக்க முடியாது. பெட்டூனியா, காலிப்ரகோவா, வெர்பினா பெருந்தீனிக்காரர்கள், அவர்களுக்கு 4 கிராம் வரை கூடப் போகலாம். இம்பேஷன்ஸ், பெகோனியா, டேபிள் ரோஸ் தொட்டிகளில் 2 கிராமே போதும். இம்பேஷன்ஸுக்கு அதிகம் கொடுத்தால் இலை தடித்துக் கருமையாகி, பூ இலைக்கடியில் ஒளிந்துவிடும்.

கரையும் உரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தழைச்சத்து எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மோனியம், யூரியா வடிவம் அதிகமானால் கலவையின் பி.எச். இறங்கும். நைட்ரேட் வடிவம் அதிகமானால் ஏறும். காலிப்ரகோவாவுக்கு அம்மோனியம் கலந்த உரமும், ஜெரேனியத்துக்குக் கால்சியம் நைட்ரேட் சார்ந்த உரமும் என்று வைத்துக்கொண்டால் உரமே பி.எச்.சைப் பிடித்துவைக்கும். குளிர் காலத்தில், கலவை 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அம்மோனியம் வேண்டாம். அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் அப்போது வேலை செய்யாது, வேரில் அம்மோனியம் தேங்கி நஞ்சாகும்.

கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடும் பாஸ்பேட் உரத்தோடும் ஒரே அடர்கரைசலில் கலக்காதீர்கள், வெள்ளையாக வண்டல் படியும். வேறு வேறு நாளில் கொடுங்கள்.

#10 இலையடி

பி.எச்., உரம் எல்லாம் சரியாக இருந்தும் செடி சாய்வதுண்டு. தொட்டியில் அதிகம் பார்க்கும் நோய்களில் இரண்டை விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, நித்தியகல்யாணி. மடகாஸ்கரின் வெயிலுக்குப் பழகிய செடி, ஈரம் தேங்கினால் பிழைக்காது. வேரிலும் தண்டிலும் பைட்டோப்தோரா அழுகல் வரும். ஒரு கிளை மட்டும் கருத்துத் தொங்கும், இரண்டு நாளில் பக்கத்துக் கிளை. நீரூற்றும்போது தெறிக்கும் மண்துளி வழியாகத்தான் பெரும்பாலும் தண்டுக்குப் போகிறது. எனவே தலைக்கு மேல் நீர் தெளிக்காதீர்கள், அடியில் ஊற்றுங்கள். இரண்டு முறைக்கு நடுவே மேல் 3 செ.மீ. காய விடுங்கள். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் இதை நடவே வேண்டாம், மஞ்சளாகி நின்றுவிடும், அந்த நிலையில்தான் அழுகல் பிடிக்கும். இந்த நோயைத் தாங்கும் 'கோரா' வரிசை இருக்கிறது, ஆனால் அதுவும் சேற்றில் நிற்காது. பெட்டூனியாவோடு ஒரே தொட்டியில் வைத்தால் ஒன்றின் நீர்த் தேவை இன்னொன்றைக் கொல்லும்.

இரண்டு, இம்பேஷன்ஸ் அடிச்சாம்பல் நோய். முதலில் சில இலைகள் லேசாக வெளுத்து, ஓரம் கீழ்நோக்கி மடியும். உரக்குறை என்று நினைத்துவிடுவார்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் மாவு தூவியது போல் வெண்மை இருந்தால் இதுதான். ஒரு வாரம் இரண்டு வாரத்தில் பூ, இலை எல்லாம் கொட்டி, பச்சைக் குச்சி மட்டும் நிற்கும். வந்த செடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். இதன் உறக்க வித்துகள் மண்ணில் தங்கும். அந்தக் கலவையில் மீண்டும் சாதாரண இம்பேஷன்ஸோ காசித்தும்பையோ வைக்காதீர்கள். நியூ கினி இம்பேஷன்ஸ் வேறு இனம், அதற்கு இந்த நோயைத் தாங்கும் திறன் மிக அதிகம். சாதாரண வகையே வேண்டுமென்றால் 'பீக்கன்', 'இமாரா' வரிசைகள் நோய் எதிர்ப்புக்காகவே உருவாக்கப்பட்டவை.

மற்றவை சுருக்கமாக: நியூ கினி இம்பேஷன்ஸ், பெகோனியா நுனி இலை கடினமாகி முறுக்கிக்கொண்டால் அகலச் சிலந்திப்பேன், கண்ணுக்குத் தெரியாது, கந்தகத் தூள் அல்லது சிலந்திக்கொல்லிதான் வழி. பூவிதழில் வெண்கீறல் என்றால் இலைப்பேன். கலவையிலிருந்து சிறு கருப்பு ஈ பறந்தால் மேல்பரப்பைக் காயவிட்டு, அந்த ஈயின் புழுக்களைக் கொல்லும் பிடிஐ பாக்டீரியாவை நீரோடு கொடுங்கள்.

#11 விதைப்பெட்டி

நாற்று வாங்காமல் விதையிலிருந்து எடுப்பவர்களுக்கு. விதையின் அளவே எப்படி விதைப்பது என்று சொல்லிவிடும். ஒரு கிராமில் செண்டுப்பூ சுமார் 300 விதை, பெட்டூனியா 10,000-ஐ ஒட்டி, பெகோனியா 70,000-க்கு மேல். பெட்டூனியா, பெகோனியா, இம்பேஷன்ஸ் மூன்றையும் மூடவே கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். நித்தியகல்யாணிக்கு இருட்டு வேண்டும். விதைமேல் 5 மி.மீ. வெர்மிகுலைட் (லேசான கனிமத் துகள்) தூவி, முளைவிடும்வரை தட்டைக் கருப்புத் தாளால் மூடி வையுங்கள்.

வெளியே நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: பெகோனியா 12–14 வாரம், பெட்டூனியாவும் இம்பேஷன்ஸும் 8–10 வாரம், செண்டுப்பூ 6 வாரம். முளைப்புக்குக் கலவை 22–25 டிகிரி. முளைத்ததும் 18–20-க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் நாற்று நெட்டையாகும்.

உருண்டையாக்கிய விதை வாங்கினால், விதைத்ததும் மேலே நீர் தெளித்து அந்தப் பூச்சு வெடித்து உருகும்வரை நனையுங்கள். அரைகுறையாக நனைந்தால் பூச்சு கெட்டியாகி முளை உள்ளேயே சாகும். குழித்தட்டுக்குக் கீழிருந்து நீர் கொடுங்கள். நாற்றழுகல் வந்தால் ஒரு மூலையில் நாற்றுகள் அடியில் நூல்போல் மெலிந்து சாயும். அந்த மூலையைச் சுற்றி இரண்டு வரிசை நல்ல நாற்றையும் சேர்த்து எடுத்துவிட்டுக் காற்றோட்டம் கூட்டுங்கள்.

உறைபனி வரும் இடங்களில் கடைசி உறைபனி தாண்டும் முன் வெளியே வைக்காதீர்கள். அதற்கு முன் 7–10 நாள் பழக்க வேண்டும்: முதல் இரண்டு நாள் நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் வெயில் கூட்டி, கடைசி இரண்டு இரவு வெளியே. பெட்டூனியா 5 டிகிரி இரவையும் சமாளிக்கும். கோலியஸ், இம்பேஷன்ஸ், நித்தியகல்யாணிக்கு உறைபனியே வேண்டாம், 10 டிகிரிக்குக் கீழே போனாலே அடிபடும்.

#12 பசுந்துளிர்

பெட்டூனியா பற்றி ஒரு சந்தேகம். நடுவில் மொட்டையாகி, நுனியில் மட்டும் பூ நிற்கிறதே, அது உரக்குறையா? எவ்வளவு வெட்டலாம்?

#13 கல்வாழை

உரக்குறை இல்லைங்க, அது தண்டோட இயல்பு. நுனி இருக்கிற வரைக்கும் பக்கக் கிளையை எழும்ப விடாது. நட்டப்போ ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிடணும். பூவோட நிக்கிற நாத்தைக் கிள்ள மனசு வராது, ஆனா கிள்ளினாத்தான் தொட்டி நிறையும்.

பருவம் பாதி ஆனதும் மொத்தத்தையும் ஒரே நாள்ல மொட்டை அடிக்காதீங்க. தண்டுகள்ல மூணுல ஒரு பங்கை மட்டும் பாதிக்கு வெட்டுங்க, இலை இருக்கிற கணுவுக்கு மேல. அடுத்த வாரம் இன்னொரு பங்கு, அதுக்கடுத்த வாரம் மிச்சம். தொட்டி எப்பவும் பூவோடயே இருக்கும். வெட்டின அன்னிக்கு கரையும் உரம் ஒரு முறை. ரெண்டு மூணு வாரத்துல வெட்டின இடத்துல மொட்டு வந்துடும்.

வாடின பூவை இழுத்தா இதழ் மட்டும்தான் கையோட வரும், அடியில காய் நின்னு விதை கட்டும். காம்போட சேர்த்துக் கிள்ளணும். காலிப்ரகோவா, ஏஞ்சலோனியாவுக்கு இந்த வேலையே இல்லை, தானா உதிர்ந்துடும். மழை அதிகமான இடத்துல பெரும்பூ பெட்டூனியாவைத் தொட்டியில வைக்காதீங்க, நனைஞ்ச இதழ் இலைமேல ஒட்டி சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். சிறுபூ வகை சீக்கிரம் காஞ்சுடும்.

மொட்டுல குண்டூசி அளவு வட்ட ஓட்டை, பக்கத்துல கருப்பு எச்சம் இருந்தா மொட்டுப் புழு. அந்தி சாயும் நேரம் டார்ச் அடிச்சுத் தேடினா கையிலயே எடுத்துடலாம். பிடி பாக்டீரியா (புழுவைக் கொல்ற உயிரி மருந்து) தெளிக்கிறதா இருந்தா சாயங்காலம் மொட்டு நனையுற மாதிரி, 5–7 நாளுக்கு ஒருமுறை. வெயில் பட்டா அது சீக்கிரம் செயல் இழந்துடும், புழு மொட்டுக்குள்ள போயிட்டா எட்டவும் எட்டாது.

#14 தொட்டிச்சட்டி

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெயில் நேராக அடிக்கும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், சுவரை ஒட்டிய கலவை 40 டிகிரியைத் தாண்டும். அந்தப் பக்கத்து வேர்நுனிகள் கருகிவிடும். மதியம் கலவை ஈரமாக இருந்தும் செடி தொங்கினால், மேலும் நீர் ஊற்றாமல் முதலில் தொட்டிச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெளிர் நிறத் தொட்டி, அல்லது ஒரு தொட்டிக்குள் இன்னொன்றை 2 செ.மீ. இடைவெளி விட்டு வைப்பது, இரண்டுமே உதவும். சுடுமண் தொட்டி சுவர் வழியாக ஆவியாகித் தானே குளிரும், ஆனால் சீக்கிரம் காயும்.

நீர் காலையில் ஊற்றுங்கள், ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடியும்வரை. வடியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு தங்கும். ஒரேயடியாகக் காய்ந்த தொட்டியில் நீர் சுவரோரமாக ஓடி உடனே வெளியே வந்துவிடும், நனைந்த மாதிரி தெரிந்தாலும் நடுவில் வறண்டே இருக்கும். அப்போது தொட்டியை நீர் நிறைந்த தொட்டிக்குள் அரை மணி நேரம் இறக்கி வையுங்கள்.

பகோபாவுக்குத் தனி எச்சரிக்கை. மற்ற செடிகள் தாகத்தில் தொங்கிக் காட்டும், பகோபா காட்டாது. இலை நிமிர்ந்தே இருக்கும், பூவும் மொட்டும் மட்டும் உதிர்ந்துவிடும். மீண்டும் பூக்க இரண்டு வாரம் ஆகும். அதைக் காய விடவே கூடாது.

நீர் தேக்கும் ஜெல் தேவையில்லை. உரக் கரைசலில் உள்ள உப்பும் கால்சியமும் அதன் உறிஞ்சும் திறனை வெகுவாகக் குறைத்துவிடும். அடியில் நீர்த்தேக்கம் உள்ள தொட்டி பெட்டூனியாவுக்கும் பெகோனியாவுக்கும் நன்றாக உதவும். ஆனால் நீர் எப்போதும் கீழிருந்து மேலே ஏறுவதால் உப்பு மேல் 2 செ.மீ.இல் படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து நிறைய ஊற்றி, தேக்கத்தைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள். ஜெரேனியம், டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி இவற்றை அந்தத் தொட்டியில் வைக்காதீர்கள்.

#15 பசுந்துளிர்

எல்லாவற்றையும் சேர்த்து அமைப்பைத் திருத்தியிருக்கிறேன். பாருங்கள்.

தொட்டி அ (முழு வெயில்): காலிப்ரகோவா 3, பெட்டூனியா 1, பகோபா 2. பூச்சு உரம் 80 கிராம். காரத்தன்மை 80 பிபிஎம் அளவுக்குக் குறைத்த நீர். மூன்றாம் மாதத்திலிருந்து அம்மோனியம் கலந்த கரையும் உரம்.

தொட்டி ஆ (முழு வெயில், காய விடுவது): ஜெரேனியம் 2, குட்டைச் செண்டுப்பூ 3. பூச்சு உரம் 60 கிராம். திருத்தாத நீர். கலவையில் லிட்டருக்கு 2 கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்).

தொட்டி இ (காலை வெயில் மட்டும்): நியூ கினி இம்பேஷன்ஸ் 2, கோலியஸ் 1, பெகோனியா 3. பூச்சு உரம் 45 கிராம்.

நித்தியகல்யாணி தனியாக, சுடுமண் தொட்டியில். ஜல்லி எதிலும் இல்லை.

#16 இலையடி

தொட்டி இ-யில் ஒரு மாற்றம். நியூ கினிக்கு ஈரம் குறையவே கூடாது, பெகோனியாவுக்கு இடையிடையே மேல்பரப்பு காய வேண்டும். ஒரே அளவில் ஊற்றினால் பெகோனியாவின் தண்டடி அழுகும். பெகோனியா மூன்றையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டொரினியா 3 வையுங்கள். அதற்கும் நிழலும் ஈரமும் ஒத்துப்போகும்.

தொட்டி அ-வில் புகையிலை பயன்படுத்துபவர்கள் கை வைக்கும் முன் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும். புகையிலைத் தேமல் நச்சுயிர் கை வழியாகவும் கத்தரி வழியாகவும் பெட்டூனியாவுக்கும் காலிப்ரகோவாவுக்கும் தொற்றும், மருந்து கிடையாது. வெட்டும்போது ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் போகும் முன் கத்தரியை 20% கொழுப்பில்லாப் பால்பவுடர் கரைசலில் முக்கி எடுங்கள்.

#17 வேரடி

தொட்டி ஆ-வின் டோலமைட்: நீரின் காரத்தன்மை 150-க்கு மேல் இருந்தால் போட வேண்டாம், நீரே அந்த வேலையைச் செய்துவிடும். மூன்றாவது வாரமும் ஆறாவது வாரமும் 50 மி.லி. சோதனை செய்து பாருங்கள். அ-வில் 6.2-ஐத் தொட்டாலே சிட்ரிக் அளவைக் கூட்டுங்கள், மஞ்சள் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆ-வில் 5.9-க்குக் கீழே வந்தால் கால்சியம் நைட்ரேட்டுக்கு மாறுங்கள்.